கொத்தாத தோட்டம்: வன்னி வளவுகளுக்கான கேள்வி பதில்

வன்னியில் வீட்டுத்தோட்டம் என்றதும் மண்வெட்டியைத் தேடுவோம். இங்கே சொல்லப்போவது வேறு முறை. மண்ணைக் கொத்திப் புரட்டாமல், மேலே வைக்கல், சருகு, குழை என்று தடிப்பாக மூடி, அந்த மூடாக்கை விலக்கிக் கன்று வைப்பது. இதைத் தொடங்கப்போகிறவர்களும் தொடங்கி இடையில் சலித்தவர்களும் கேட்கும் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வவுனியாப் பக்கத்துச் செம்மண்ணும் முல்லைத்தீவுக் கரையோர மணலும் ஒரே மாதிரி நடக்காது. வேறுபாடு முக்கியமாக வரும் இடங்களில் அதைச் சொல்கிறேன்.

கொத்தாவிட்டால் வேர் எப்படி இறங்கும்? எங்கள் மண் கோடையில் அலவாங்குக்கே இறங்காது.

உண்மைதான். வன்னியின் உட்பகுதிகளில் பெரும்பாலும் இருப்பது செங்கபில மண். ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் இறுகும். கொத்துவதற்கு ஏற்ற பதம் மழைக்குப் பின் சில நாட்கள்தான் கிடைக்கும். ஆனால் அது ஏன் அவ்வளவு இறுகுகிறது என்று பார்க்க வேண்டும். வெறும் மண்ணில் மழைத்துளி நேரே விழுந்து அடிக்கும்போது மேல்மண் கரைந்து, நுண்துகள்கள் துவாரங்களை அடைத்துவிடுகின்றன. அடுத்த வெயிலில் மேலே ஒரு பொருக்கு கட்டுகிறது. பிறகு வரும் மழை உள்ளே போகாமல் ஒழுங்கைக்கு ஓடுகிறது. நாங்கள் அந்தப் பொருக்கைக் கொத்தி உடைக்கிறோம், அடுத்த மழை திரும்பவும் கட்டுகிறது. ஒவ்வொரு கொத்திலும் காற்றும் வெயிலும் பட்டு, மண்ணில் இருக்கும் கொஞ்ச மக்கும் (உக்கிப்போன இலை குழை) வேகமாக எரிந்து தீர்கிறது. மக்குக் குறையக் குறைய மண் இன்னும் இறுகுகிறது.

மூடாக்குப் போட்ட இடத்தில் துளி வைக்கலில் விழுந்து மெதுவாக இறங்குகிறது. கீழே ஈரமும் நிழலும் இருப்பதால் மண்புழு மேலே வருகிறது. கறையானும் எறும்பும் வழி போடுகின்றன. செத்த வேர்கள் உக்கிய இடமும் அடுத்த பயிரின் வேருக்குப் பாதையாகிறது. இது ஒரு மாதத்தில் நடக்கிற காரியம் இல்லை. முதல் மாரியில் மேலே சில விரற்கடை இளகும், அடுத்த மாரியில் இன்னும் கொஞ்சம்.

மிக மோசமாக இறுகிய இடம் என்றால், தொடங்கும்போது ஒரே ஒரு தடவை, மழை ஊறிய பிறகு, அலவாங்கைக் குத்தி அசைத்துவிடுங்கள். புரட்ட வேண்டாம். வெடிப்பு விழுந்தால் போதும், அதன்மேல் மூடாக்கைப் போட்டுவிடலாம்.

எங்கள் தாத்தாமார் கொத்தித்தானே விளைவித்தார்கள்?

கொத்தினார்கள், கூடவே குழையும் தாழ்த்தினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுப் பக்கக் குடியேற்றங்களுக்கு வந்த தோட்டக்காரருக்குப் பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணுக்குள் தாழ்ப்பது கைவந்த வேலை. பட்டி மாட்டெருவும் இருந்தது. கொத்துவதால் தீரும் மக்கை அவர்கள் ஒவ்வொரு போகமும் திருப்பிக் கொடுத்தார்கள். எங்களிடம் மிஞ்சியது கொத்து மட்டும்தான்; குழையும் எருவும் எப்போதோ போய்விட்டன. மூடாக்கு முறையில் அதே குழையை மண்ணுக்கு உள்ளே வைக்காமல் மேலே வைக்கிறோம், அவ்வளவுதான். புதைக்கும் வேலையை மண்புழு பார்த்துக்கொள்ளும்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

ஐப்பசி மழை இரண்டு மூன்று நன்றாகப் பெய்த பிறகு. எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரைதான். மண் ஒரு சாண் ஆழத்துக்கு ஊறியபின் மூடினால் அந்த ஈரம் உள்ளே நிற்கும். ஆவணியில், காய்ந்த மண்ணின்மேல் காய்ந்த வைக்கலைத் தடிப்பாகப் போட்டுவிட்டு மழையைப் பார்த்திருந்தால், முதலில் வரும் சிறுமழைகளை வைக்கலே குடித்துவிடும். மண்ணுக்கு எதுவும் போகாது. மூடாக்கு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கியிருப்பார்கள்.

கோடையில்தான் தொடங்க முடியும் என்றால், பாத்தியை இரண்டு நாள் மாறி மாறி நனைத்து ஊறவைத்து, பிறகு மூடுங்கள். ஒரு சின்னப் பாத்திக்கு மேல் முயல வேண்டாம்.

எப்படிப் போடுவது?

புல்லையும் பூண்டையும் பிடுங்க வேண்டாம், அடியோடு அரிந்து அங்கேயே படுக்கவிடுங்கள். அதன்மேல் உக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு இரண்டு விரற்கடை. களை அதிகமான இடமென்றால் எருவுக்கு மேல் காட்போட் மட்டையை விளிம்பு மேலேறும்படி பரப்பி நனைத்துவிடுங்கள். ஒட்டுநாடாவையும் கம்பிக் கொக்கிகளையும் முதலே கழற்றிவிட வேண்டும். அதன்மேல் பச்சைக் குழை ஒரு அடுக்கு, கடைசியாக வைக்கல் அல்லது சருகு ஒரு சாண் உயரத்துக்கு. பார்க்க அதிகம் போலத் தெரியும். மாரி முடிவதற்குள் அது மூன்று விரற்கடையாகப் படிந்துவிடும்.

நாலடி அகலம் போதும், இரண்டு பக்கமும் நின்று எட்டலாம். பாத்திக்குள் ஒருபோதும் கால் வைக்கக்கூடாது. கொத்தாத தோட்டத்தில் மிதிபட்டு இறுகிய இடத்தை இளக்க வேறு வழி இல்லை, அதனால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பத்தடி நீளமும் நாலடி அகலமுமான பாத்தியை ஒரு சாண் மூட ஏறத்தாழ 30 கன அடி தளர்வான வைக்கல் வேண்டும். பசளைப் பையில் அள்ளினால் பத்துப் பன்னிரண்டு பை வரும். இதைச் சேர்க்க முடிகிற அளவுக்குத்தான் பாத்தியைத் தொடங்குங்கள். மெல்லிய மூடாக்கோடு நாலு பாத்தி வைப்பதைவிடத் தடித்த மூடாக்கோடு ஒன்று நல்லது.

கன்று வைக்கும்போது மூடாக்கைக் கையகலம் விலக்கி, சிறு குழியில் ஒரு பிடி கூட்டெருவோடு வையுங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். வைக்கல் தண்டில் முட்டிக்கொண்டு கிடந்தால் மாரியில் தண்டு அழுகும்.

எதையெல்லாம் போடலாம்?

வைக்கல் முதலாவது. காலபோக அறுவடை முடிய, தை மாசிக்குள், வெட்டு மெசின் விட்டுப்போன வைக்கல் வயலில் வரிசையாகக் கிடக்கும். பல இடங்களில் அதை அப்படியே கொளுத்துகிறார்கள். ஒரு தொன் வைக்கலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியமும் இருக்கிறது. கொளுத்தினால் நைதரசன் அனேகமாக முழுக்கப் புகையோடு போய்விடும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார். ஆனால் மாடு வளர்க்கும் அயலவருக்கு அது தேவையென்றால் அவருக்கே விடுங்கள். பதிலுக்கு எரு கேட்டு வாங்கலாம். வைக்கலில் மிஞ்சிய நெல் முளைக்கும், எலியையும் கூப்பிடும். அதனால் உதறிப் போடுங்கள்.

களைநாசினி அடித்த வயலின் வைக்கல் என்று சந்தேகம் இருந்தால் சில வாரம் மழையில் நனையவிட்டு, பிறகு ஒரு சட்டியில் மண்ணோடு அந்த வைக்கலை வைத்துப் பத்துப் பயறு போட்டுப் பாருங்கள். இலை சுருளாமல் கோணாமல் வந்தால் பயப்பட வேண்டாம்.

குழைகளில் சீமைக்கிளுவைக்கு நிகர் இல்லை. கிளிசரியா என்றும் சொல்வார்கள். வேலிக்கு நட்டால் வெட்ட வெட்டத் தழைக்கும், இலையில் நைதரசன் நிறைய, விரைவில் உக்கும். அதனாலேயே அதை மட்டும் போட்டால் மூடாக்கு நிற்காது. கீழே அது, மேலே வைக்கல் என்று சேர்த்துப் போடுங்கள். பூவரசு, வேம்பு, முருங்கை எல்லாம் நல்லவை. இபில் இபில் குழையைக் காய் முற்றுமுன் வெட்டுங்கள், இல்லாவிட்டால் பாத்தி முழுக்க அதன் கன்றுதான் நிற்கும்.

தேக்கிலை, மாவிலை மெதுவாக உக்கும். அது குறை இல்லை, காற்றடிக்கும் கோடையான சோழகக் காலத்துக்கு மெதுவாக உக்குவதுதான் வேண்டும். வாழைத் தடலும் இலையும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உமி காற்றில் பறக்கும், குழைக்கு மேல் மெல்லிதாகத் தூவி நனைத்தால் சரி. மரத்தூளையும் மேலே மெல்லிதாகத்தான் போட வேண்டும். மண்ணோடு கலந்தால் அது உக்குவதற்கு மண்ணின் நைதரசனை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். தேங்காய்ப் பொச்சு மிக நல்லது, ஆனால் குழிந்த பக்கம் கீழே பார்க்க வையுங்கள். மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு வரும். சிரட்டை வேண்டவே வேண்டாம்.

ஒதுக்கக் காட்டுக்குள் போய்ச் சருகு அள்ளாதீர்கள். சட்டப்படியும் பிழை, அந்த மரங்களுக்கும் அதுதான் சாப்பாடு. வளவுக்குள்ளும் வீதியோரத்திலும் கிடப்பதே போதும்.

எங்கள் வளவில் அவ்வளவு சருகு இல்லையே.

இருக்கிறது. காலையும் மாலையும் கூட்டி, மூலையில் குவித்து, நெருப்பு வைக்கிறோமே, அதுதான். வேப்பஞ் சருகு, மாஞ்சருகு, தென்னோலை, வாழைச் சருகு எல்லாவற்றையும் ஒரு வருடம் எரித்துவிட்டு, கத்தரிக்குப் போடப் பசளை வாங்கக் கடைக்குப் போகிறோம். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். வன்னி வளவுகளில் இல்லாமல் போனது பசளை இல்லை, எரிக்காமல் விடும் பழக்கம்.

கூட்டிய முற்றம் எங்களுக்கு மரியாதை. விடியக் கூட்டாத வீட்டை ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். அதை விடச் சொல்லவில்லை. வீட்டைச் சுற்றிக் கூட்டுங்கள், கூட்டியதைப் பாத்திக்குக் கொண்டுபோங்கள். பாத்தியின் விளிம்பைத் தென்னங்குற்றியாலோ கல்லாலோ நேராகக் கட்டி, மூடாக்கை அதற்குள் மட்டும் நிறுத்தினால் வளவு குப்பையாகத் தெரியாது. அயலவர் கேட்டால் சருகை விலக்கி அடியில் இருக்கும் ஈரத்தைக் காட்டுங்கள். பங்குனி வெயிலில் அதைப் பார்த்தவர்கள் பிறகு வாதாடுவதில்லை.

பாம்பு வராதா?

வரலாம், இந்தப் பயம் நியாயமானது. மூடாக்கில் தவளையும் பூச்சியும் எலியும் சேரும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். புடையன் காய்ந்த சருகில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஆகவே இதைச் சும்மா தட்டிவிட முடியாது.

மூடாக்குப் பாத்தி வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றடிப் பாதையிலிருந்தும் குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும். இடையில் உள்ள நிலம் எப்போதும் கூட்டித் துப்புரவாக இருக்க வேண்டும். ஒரு சாணுக்கு மேல் உயர்த்த வேண்டாம். வைக்கல் போரையும் பொச்சுக் குவியலையும் வீட்டருகே வைக்காதீர்கள்; அசையாமல் மாதக்கணக்கில் கிடக்கும் குவியல்தான் பாம்புக்கு விருப்பமான இடம். மூடாக்கை விலக்குமுன் நீளத் தடியால் தட்டி, தடியாலேயே விலக்குங்கள். வெறுங்கையை உள்ளே விடக்கூடாது. காலுக்குச் சப்பாத்து. இருட்டியபின் பாத்தியடிக்குப் போவதென்றால் ரோச் லைற் இல்லாமல் போக வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, உடனே அரச வைத்தியசாலை. 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தேளும் மட்டத்தேளும் கட்டாயம் இருக்கும். கையுறை போட்டால் போதும்.

மீள்குடியேறிய காணி. கொத்தாத முறை வெடிபொருள் ஆபத்தைக் குறைக்குமா?

இதை நம்பி எதையும் செய்யாதீர்கள். போர் 2009 இல் முடிந்த பிறகும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக் கணக்கில் தொடர்கிறது. துப்புரவாக்கிக் கையளித்த காணியில்கூட மாரி மண்ணரிப்பில் சிலவேளை ஏதாவது மேலே வரும். மூடாக்குப் போட்டாலும் வேலிக்கு, பந்தலுக்கு, வாழைக்கு என்று குழி தோண்டத்தான் வேண்டும். காணி பரிசோதிக்கப்பட்டதா என்பதைக் கிராம சேவையாளர் மூலம் உறுதிப்படுத்திய பிறகே எந்தத் தோட்டமும்.

தெரியாத உலோகப் பொருள், பிளாஸ்ரிக் மூடி மாதிரி எதுவும் கண்டால் தொடாமல், நகர்த்தாமல், வந்த வழியே திரும்பி, இடத்தை அடையாளம் வைத்துப் பொலிசுக்கு 119 இல் சொல்லுங்கள். குப்பை எரிப்பதை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணில் என்ன கிடக்கிறதென்று தெரியாத மூலையில் நெருப்பு வைப்பது கொத்துவதைவிட ஆபத்து.

மாரி வெள்ளத்தில் எல்லாம் அழுகிப்போகிறதே?

கார்த்திகை, மார்கழியில் மூடாக்கு எங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். மண் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது அது காய விடாது. தண்ணீர் நிற்கும் பதிவான இடமென்றால் பாத்தியை நிலமட்டத்தில் வைக்காதீர்கள். பாத்திகளுக்கு இடையே நடைபாதை மண்ணை வழித்து மேலே போட்டு, பாத்தியை முக்கால் அடி உயர்த்துங்கள். வழித்த இடம் வாய்க்காலாகும். இது கொத்துத்தான், ஆனால் ஒருதரம் செய்வது. அடைமழை தொடர்ந்தால் கன்றுகளைச் சுற்றி மூடாக்கை ஒரு முழம் விலக்கி வெயில் படவிடுங்கள், மழை விட்டதும் திருப்பி இழுங்கள்.

2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்தது போன்ற வெள்ளத்துக்கு எந்த முறையும் நிற்காது. அப்படி வடிந்தபின் வண்டல் படிந்த மூடாக்கை அள்ளிக் கூட்டெருக் குழிக்குப் போட்டுவிட்டுப் புதிதாக மூடுவதுதான் வழி.

சோழகம் அடிக்கும் காலத்தில் தண்ணீர் எவ்வளவு மிச்சமாகும்?

வைகாசி முதல் புரட்டாதி வரை காற்றும் வெயிலும் சேர்ந்து மண்ணை உறிஞ்சும். கிணறும் ஆவணியில் கீழே போய்விடும். உச்சி வெயிலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். மூடாக்கின் கீழே அந்தச் சூடு இறங்காது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று ஒரே கணக்குச் சொல்ல முடியாது. மூடாக்குக்குள் விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். முன்னர் காலையும் மாலையும் ஊற்றியவர்கள் நாளிடை விட்டு ஊற்றினாலே கிணற்றுக்குப் பெரிய ஆறுதல். ஊற்றுவதை மேலே தெளிக்காமல் மூடாக்கை விலக்கி அடியில் ஊற்றுங்கள். தெளித்தால் வைக்கல்தான் நனையும்.

காற்று வைக்கலைக் கொண்டுபோகும். அதற்கு மேலே தென்னோலையோ பனை மட்டையோ குறுக்கே போட்டால் போதும். கரையோர மணலில் மூடாக்கின் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் அங்கே எல்லாம் சீக்கிரம் கரைந்துபோகும். மணல்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வருடம் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கறையான் முழுவதையும் தின்றுவிட்டது. இனிப் பயிரையும் தின்னுமா?

கறையான் தின்பது பெரும்பாலும் செத்த பொருளை. வைக்கலைத் தின்று மண்ணுக்குள் கொண்டுபோவது நாங்கள் கேட்ட வேலைதான். பயிரில் கைவைப்பது அது வாடியிருக்கும்போது. தண்ணீர் காணாத மிளகாய்க் கன்று, காயம் பட்ட தண்டு, புதிதாக வைத்த தென்னம்பிள்ளை, இவற்றைக் கவனியுங்கள். தண்டைச் சுற்றி இடைவெளி விட்டு, பாத்தியை ஈரமாக வைத்து, அங்கே வேப்பிலை அல்லது வேப்பம் பிண்ணாக்குப் போட்டால் தொல்லை குறையும். முழுதாக ஒழியாது. வீட்டுக் கூரை மரம் இருக்கும் பக்கம் பாத்தியைக் கொண்டுபோக வேண்டாம்.

கோரை மூடாக்கைத் துளைத்து வருகிறது.

வரும். கோரைக்குக் கிழங்கு இருக்கிறது, காட்போட்டையும் குத்திக்கொண்டு வரும். மூடாக்கால் மட்டும் கோரையை வெல்லலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முளை வர வர, ஈரத்தில், கிழங்கோடு இழுங்கள். மூடாக்கின் கீழே மண் இளகியிருப்பதால் கிழங்கும் சேர்ந்து வரும், அந்த வசதிதான் கிடைக்கும். அறுகு ஓரத்திலிருந்து ஊர்ந்து வரும், விளிம்பில் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வெட்டி வைத்தால் நிற்கும். மற்றப் பூண்டுகள் வெளிச்சம் இல்லாமல் தாமாகவே சாகும்.

பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறையோடு பிடுங்குங்கள். பூத்ததை மூடாக்குக்கு எடுக்கவே கூடாது.

கோழியும் மயிலும் கிளறிவிடுகின்றன.

புழு இருப்பது தெரிந்துவிட்டால் விடாது. கன்று வேர்பிடிக்கும் வரை முள்ளுக் கிளையைப் பரப்புங்கள், அல்லது பழைய மீன்வலையை முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். மயிலுக்கு வலைதான்.

எவை நன்றாக வரும், எவை வராது?

கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை, தக்காளி, பாகல், புடோல், பூசணி எல்லாம் வரும். பயிற்றை, வெண்டி, பூசணி விதைகளை மூடாக்கை விலக்கி நேரே போடலாம். பூசணி பூத்தபின் காய் வைக்கலில் கிடப்பதால் அடி அழுகாது. மஞ்சளும் இஞ்சியும் மூடாக்குக்கென்றே பிறந்தவை. 2020 இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை ஏறியபோது வீட்டில் நாலு கிழங்கு வைத்தவர்களுக்கு அது தெரியும். வாழை, பப்பாசி அடியில் எவ்வளவு போட்டாலும் தின்னும். கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழையை வைத்து அடியை மூடிவிடுங்கள்.

கீரை விதை பொடி, மூடாக்குக்குள் முளைக்காது. அதற்கு ஒரு முழ அகலம் மண்ணைத் திறந்து, உக்கிய எரு தூவி, விதைத்து, முளைத்து விரலளவு வந்தபின் சுற்றி மெல்லிய சருகு போடலாம். சின்ன வெங்காயத்துக்குத் தடித்த மூடாக்கு ஒத்துவராது, குமிழ் அழுகும். மரவள்ளியும் வத்தாளையும் இறுகிய செம்மண்ணில் கொத்தாமல் வைத்தால் இலைதான் மிஞ்சும். அவற்றுக்கு வரம்பு கட்டித்தான் ஆக வேண்டும். இராசவள்ளிக்குக் குழி வெட்டி, சருகும் எருவும் நிரப்பி நடுங்கள், மேலே மூடுங்கள். மண்வெட்டியைத் தொடவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் கிழங்குக் கறி கிடைக்காது.

பசளையே வேண்டாமா?

முதல் இரண்டு வருடம் வேண்டும். இரசாயனப் பசளை இறக்குமதியை 2021 மே மாதத்தில் அரசாங்கம் திடீரெனத் தடை செய்து, அந்த நவம்பரில் தளர்த்தியது. அந்தப் போகத்தில் வன்னிக் கமக்காரர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சேதனப் பசளை கூடாது என்பது அதிலிருந்து வரும் முடிவு இல்லை. மண் தயாராகாமல் ஒரே நாளில் மாற முடியாது என்பதுதான். வளவுத் தோட்டத்துக்கும் அது பொருந்தும். தொடக்கத்தில் எருவும் கூட்டெருவும் தாராளமாகப் போடுங்கள். பயிர் மஞ்சளித்தால் சீமைக்கிளுவைக் குழையை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவிட்டு, நீர் கலந்து அடியில் ஊற்றலாம். மணம் தாங்காது, ஆனால் பச்சை திரும்பும். அதுவும் போதாமல் ஒரு பிடி யூரியா போட்டால் தோட்டம் கெட்டுப்போகாது. இலையில் என்ன குறை என்று தெரியாவிட்டால் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு கிளையோடு போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

மண்வெட்டி பிடிக்க இயலாதவர்கள் இதைச் செய்யலாமா?

இந்த முறையை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிவதே அவர்களுக்காகத்தான். போரில் காலையோ கையையோ இழந்தவர்கள், முதுகில் சன்னத் துண்டோடு வாழ்பவர்கள், தனியே குடும்பம் பார்க்கும் பெண்கள், வயது போன அம்மாமார், இவர்களிடம் தோட்டம் செய் என்று சொல்லி மண்வெட்டியையும் விதைப் பொதியையும் கொடுத்துவிட்டுப் போவது போதாது. கொத்துக்கு ஆள் பிடித்தால் அந்தக் கூலி முழு மரக்கறியையும் தின்றுவிடும். மூடாக்கில் பாரமான வேலை முதல் நாளோடு முடிகிறது. அதற்கு அயலவர் இரண்டு பேர் அரை நாள் வந்தால் போதும். பிறகு உள்ளது சருகைக் கொட்டுவது, விலக்கி நடுவது, ஊற்றுவது, ஆய்வது.

குனிய முடியாதவருக்குத் தென்னங்குற்றியோ சீமெந்துக் கல்லோ அடுக்கி, முழங்கால் உயரத்துக்குக் கட்டி, அடியில் பொச்சும் சருகும், மேலே ஒரு சாண் நல்ல மண்ணும் எருவும் நிரப்புங்கள். சக்கர நாற்காலிக்கு நாற்காலிக் கை உயரமும், சுற்றி மூன்றரை அடிக்குக் குறையாத இறுகிய பாதையும் வேண்டும். அகலம் நாலடி வேண்டாம், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டுவதென்றால் இரண்டடி. சருகு அள்ளும் வேலையைப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து ஒரு சாக்குக் கொண்டு முடித்துவிடலாம்.

வீடு கட்டும்போது வளவு முழுக்கக் கிறவல் போட்டுவிட்டார்கள். அதன்மேல் மூடாக்குப் போடலாமா?

நேரே போட்டால் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். பாத்தி வரும் இடத்தில் கிறவலை வழித்தெடுங்கள், அல்லது ஒரு முழம் உயரக் கட்டு அமைத்து மேலே மண் நிரப்புங்கள். குளத்து வண்டலை யாரோ கொண்டுவந்து தருகிறேன் என்றால், எடுக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தென்னைக்கும் இது சரியா?

மிகச் சரி. மரத்தைச் சுற்றி ஐந்தாறு அடிக்கு ஓலையும் பொச்சும் பரப்பலாம். பொச்சைக் குழியில் புதைத்து ஈரம் காப்பதைத் தென்னை ஆராய்ச்சி நிறுவனமே சொல்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காண்டாமிருக வண்டு முட்டையிடுவது உக்கும் சாணக் குவியலிலும் இற்ற தென்னங்குற்றியிலும். பாத்திக்கு விளிம்பாக வைத்த குற்றி இற்றுத் தூளாகத் தொடங்கினால் பிளந்து பாருங்கள். தடித்த வெள்ளைப் புழு இருந்தால் கோழிக்குப் போட்டுவிட்டு, குற்றியை மாற்றுங்கள்.

கறுப்புப் பொலித்தீன் போட்டால் வேலை இன்னும் குறைவுதானே?

மிளகாய்த் தோட்டக்காரர் ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள், களைக்கும் ஈரத்துக்கும் பலன் உண்டு. ஆனால் அது மண்ணுக்கு ஒன்றும் கொடுக்காது, எங்கள் வெயிலில் சூட்டைக் கூட்டும், இரண்டு போகத்தில் கிழிந்து துண்டு துண்டாக மண்ணோடு கலந்துவிடும். அதைப் பொறுக்கி எடுக்கவே பிறகு கொத்த வேண்டி வரும். வளவுத் தோட்டத்துக்கு வேண்டாம்.